வேட்பாளர் குடித்த தேத்தண்ணி

ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்ற செய்தியை முதலில் யாரும் நம்பவில்லை. வேட்பாளர்கள் புத்தளம் நகரத்துக்கு வருவார்கள். மிஞ்சிப்போனால் கற்பிட்டிச் சந்தி வரை வருவார்கள். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் மீன்பிடிக் கிராமத்துக்கு அவர்களுடைய சுவரொட்டிகள் மட்டும்தான் வரும். கரைவலை இழுக்கும் மணல்வெளியில் மேடைக்குக் கம்பு நட ஆரம்பித்த பிறகுதான் ஊர் நம்பியது.

நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். பிறந்து வளர்ந்தது சிலாபத்தில். படித்தது சிங்களப் பள்ளியில். வீட்டில் உம்மாவோடும் வாப்பாவோடும் கதைத்த தமிழிலும் பாதி சிங்களம் கலந்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே புகுந்த வீட்டில் சிரிப்புத்தான். அதிகம் சிரித்தது கணவரின் மூத்த சகோதரி, என் மதினி. “இவ கதைக்கிறதுக்கு ஒரு ஆள் மொழிபெயர்க்கணும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கெட்ட மனசோடு சொல்வதில்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு மனுஷி பேச்சைக் குறைத்துக்கொள்ளத்தான் செய்வாள். நானும் குறைத்துக்கொண்டேன்.

மதினி எங்கள் மாதர் சங்கத்தின் தலைவி. வேட்பாளருக்கும் அவரோடு வருகிறவர்களுக்கும் தேத்தண்ணி ஊற்றும் பொறுப்பைக் கட்சிக்காரர்கள் அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். அதற்கென்று பெட்டி பெட்டியாகத் தண்ணீர்ப் போத்தல்களும் இறக்கினார்கள். மதினி பதிலுக்கு ஒன்று கேட்டார்: மேடைக்கு முன்னால் முதல் வரிசைக் கதிரைகள் பெண்களுக்கு. எங்கள் ஊரில் அரசியல் கூட்டம் என்றால் பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்பது வழக்கம். கட்சிக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் சம்மதித்தார்கள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கூட்டம் ஆரம்பமானது. கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசியது. வேட்பாளர் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் ஓர் இளம் சட்டத்தரணி. காலையிலிருந்து ஊர் ஊராகக் கத்தியதில் மனிதருடைய தொண்டை போய்விட்டிருந்தது. வாயை அசைக்கிறார், காற்றுத்தான் வருகிறது.

“வெளங்கல்ல!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். பிறகு எல்லாப் பக்கமிருந்தும் “வெளங்கல்ல, வெளங்கல்ல” என்றார்கள். சிலர் எழும்பத் தொடங்கினார்கள். கட்சி அமைப்பாளர் மைக்கைப் பிடுங்கி, “சிங்களம் நல்லாத் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டார்.

மதினி என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். “இந்தா, இவ இருக்கா!”

“வேணாம் மதினி. என்ட தமிழக் கேட்டா சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். எழும்பு புள்ள. இவ்வளவு சனத்துல ரெண்டு பாஷையும் தெரிஞ்சவ நீதான்.”

அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. எப்படி மேடையேறினேன் என்று இன்றும் ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது, வேட்பாளர் சுவரொட்டியில் இருப்பதைவிடக் குள்ளமாக இருந்தார் என்பதும், சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது என்பதும்தான். “பயப்பட வேண்டாம் நங்கி” என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், சிங்களத்தில் சொல்லி மைக்கை என் பக்கம் திருப்பினார். நான் தொண்டையைச் செருமி, வாய் தவறி, “ஹரி” என்று தொடங்கினேன். சரி என்று சொல்வதற்குப் பதில் சிங்களம் வந்துவிட்டது. சனம் சிரித்தது. முதல் வரிசையில் மதினி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிப் பின்வரிசைகளை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

வேட்பாளர் அடுத்ததாக, “அபி ரட்ட கொட கன்னவா” என்றார். நாட்டை மீட்டெடுப்போம் என்று அர்த்தம். சட்டத்தரணி என் காதில், “கட்டியெழுப்புவோம் எண்டு சொல்லுங்க” என்று கிசுகிசுத்தார். ஆனால் சிங்களத்தில் ‘கொட’ என்றால் கரை. அந்த மணலில் நின்று எனக்குக் கரை என்றுதான் கேட்டது.

“நாட்டைக் கரைக்கு இழுத்துப் போடுவோம் எண்டு சொல்றாரு!” என்றேன்.

கரைவலைக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல்: “இழுக்கிறதுக்கு நாங்கதானே வரணும்!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல. என்ன சொல்கிறார்கள் என்று வேட்பாளர் கேட்டார். சொன்னேன். அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். “உண்மைதான், கயிறு அவர்கள் கையில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். கைதட்டல் கடல் இரைச்சலுக்கு மேலே எழுந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சட்டத்தரணி தேவைப்படவில்லை. அவர் மட்டும் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டி உற்சாகப்படுத்தினார்.

பேச்சின் நடுவில் வேட்பாளருக்குத் தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்தார். முகம் கோணிவிட்டது. கோப்பைக்குள் எட்டிப் பார்த்தவர், சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்களா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. நான் கொஞ்சம் தடுமாறி, அதையும் தமிழில் சொன்னேன்.

மதினி கதிரையைவிட்டு எழும்பினார்.

“உப்புப் போடல்ல. சீனிதான் போட்டது. நீங்க தந்த போத்தல் தண்ணி பெட்டியோட அப்படியே இருக்கு. இது எங்கட கெணத்துத் தண்ணி.”

அமைப்பாளரின் முகத்தில் இரத்தமில்லை. நான் ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன். வேட்பாளர் மதினியை நேராகப் பார்த்தார்.

“நீங்கள் தினமும் இதையா குடிக்கிறீர்கள்?”

“குடிக்க ஏலாது. குளிக்கிறோம், உடுப்புக் கழுவுறோம். குடிக்கிற தண்ணிய விலைக்கு வாங்குறோம். ரெண்டு மைல் தள்ளிக் குழாய் வந்து நிக்குது. எங்கட ஊருக்கு மட்டும் வரல்ல.”

இது பற்றிக் கவனம் செலுத்துவோம் என்றார் வேட்பாளர். அவர்கள் எல்லாரும் வழக்கமாகச் சொல்வதுதான். “பார்ப்போம் எண்டு சொல்றாரு” என்று மொழிபெயர்த்தேன்.

“பார்த்தது போதும். செய்யச் சொல்லு!” என்றார் மதினி. முதல் வரிசைப் பெண்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். பின்னால் ஆண்களும் எழும்பினார்கள். மதினி சொன்னதைச் சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அந்த மனிதரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கோபப்படவில்லை. கோப்பையில் மிச்சமிருந்ததையும் முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு எழுதி வைத்திருந்த பேச்சைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினார். தான் வென்றாலும் தோற்றாலும் இந்தக் கோப்பையைப் பற்றிப் பேசுவேன் என்றார். அந்த வார்த்தைகளைத் தமிழில் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கூட்டம் முடிந்து நான் இறங்கியபோது கணவர் படகுகளுக்குப் பக்கத்தில் நின்றார். என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். மேடையில் வெறுங்காலோடு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

யாரோ எடுத்த காணொளி இரண்டே நாளில் எல்லோருடைய தொலைபேசியிலும் ஓடியது. அடுத்தடுத்து மற்றக் கட்சிக்காரர்களும் எங்கள் ஊரைத் தேடி வந்தார்கள். எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். ஒருவர்கூடத் தேத்தண்ணி குடிக்கவில்லை. தேர்தலில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது நாட்டுக்கே தெரிந்த கதை. எங்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி, குழாய் பதிக்க அளவெடுக்க வந்த பொறியியலாளர்தான். அவருக்குத் தமிழ் வராது. மதினி எங்கள் வீட்டுக்கு ஆளனுப்பி, “எங்கட மருமகளக் கூட்டிட்டு வாங்க, அவதான் கதைப்பா” என்றாராம்.

தோண்டி முடிக்க மாதங்கள் எடுத்தன. பள்ளிவாசலுக்கு முன்னால் முதல் குழாயைத் திறந்த அன்று பெண்கள் குடங்களோடு கூடி நின்றோம். முதலில் காற்று வந்தது, பிறகு துரு நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர். மதினி கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். பிறகு தன் குடத்தை நிரப்பி, “முதல் குடம் உனக்குத்தான் புள்ள” என்று, அத்தனை பேருக்கும் முன்னால், முழுவதையும் என் தலையில் ஊற்றினார்.