டிசம்பரில் மாம்பழ வாசனை

மிஸோரத்து ஐஸாலில் டிசம்பர் மாதம் மாம்பழம் ஏது? ஆனாலும் தன்பாரியின் அறையில் மாம்பழம் மணத்தது. அவள் அம்மா முப்பது வருஷமாகக் கையால் சுருட்டிய ஸியால் பீடி புகைப்பவள். எதிர்வீட்டில் எவன் பற்றவைத்தாலும் அது எந்த ஊர்ப் புகையிலை என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட மூக்கு, பெற்ற மகள் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டது.

“ஏண்டி பாரி, அந்த மாம்பழ ஷாம்பு எங்க வாங்கின? எனக்கும் ரெண்டு சொட்டு குடுடி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நானும் மணக்க மணக்கப் போறேன்.”

“தீர்ந்துபோச்சும்மா.”

“தீர்ந்துபோச்சாம்! ரூமே மணக்குது. தர மனசு வரலன்னு சொல்லேன்.”

ஷாம்புவும் இல்லை, மண்ணும் இல்லை. தலையணைக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வேப், மாம்பழ வாசனை போட்ட மின் சிகரெட். எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக வருகிற சரக்கு. செல்போன் சார்ஜரிலேயே அதற்கும் உயிர் ஏற்றலாம். பாரிக்கு வயது பதினேழு. காலையில் கண் திறக்கும் முன்னே கை அதைத்தான் துழாவும். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் கால் தானாக ஆடத் தொடங்கும், பக்கத்தில் யார் பேசினாலும் எரிந்து விழுவாள். நுரையீரல் படம் மாட்டி ஒரு டாக்டர் வகுப்பு எடுத்துவிட்டுப் போன அன்று, அந்த வகுப்பு முடிந்த கையோடு கழிப்பறைக்கு ஓடிய நாலு பேரில் அவளும் ஒருத்தி. படத்தைப் பார்த்துப் பயந்ததில் இரண்டு இழுப்பு கூடுதலாகவே இழுத்தாள், என்னத்தைச் சொல்ல!

பழக்கிவிட்டது பியாக்கி. கீழ்வீட்டுப் பெண், ஒரு வயது மூத்தவள். “இது சிகரெட்டு இல்லடி, வெறும் ஆவி. இட்லிப் பானையில வர்ற மாதிரி” என்று நம்ம தமிழ்நாட்டுப் பெண்ணாக இருந்தால் சொல்லியிருப்பாள். பியாக்கி சொன்னது, “வெறும் ஆவிடி, சோத்துப் பானைய விட ஒண்ணும் ஜாஸ்தி இல்ல.” சர்ச்சு ஹாலுக்குப் பின்னால் இறங்குகிற படிக்கட்டில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்காருவார்கள். ஒருத்தி இழுத்து மற்றவளிடம் கொடுப்பாள். எதிர்மலை வீடுகளைப் பார்த்துக்கொண்டு ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். அப்படி இரண்டு வருஷம் போயிற்று.

ஜூன் மாதம் பியாக்கி நர்ஸிங் படிக்கப் பெங்களூர் போனாள். படிக்கட்டில் பாரி தனியாக உட்கார்ந்தாள். மிஸோ மொழியில் புகையிலைக்கு ஏங்கினால் ‘சாக்’ என்பார்கள், மனுஷருக்கு ஏங்கினால் ‘லுங்லென்’. பாரிக்கு இரண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில்தான் பிடித்தது. இழுத்தால் பியாக்கி நினைவு வரும். பியாக்கியை நினைத்தால் இழுக்கத் தோன்றும். எது எதனால் என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

ஆகஸ்டு பதினாலாம் தேதி பியாக்கி போன் பண்ணினாள்.

“விட்டுட்டேன்டி. ஹாஸ்டல்ல பையெல்லாம் கொட்டிப் பாக்குறாங்க, வேற வழியில்ல. நீயும் இன்னிக்கே விடு. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் சுத்தமா சந்திப்போம்.”

“சரி” என்றாள் பாரி. மனதாரத்தான் சொன்னாள். வேப்பைக் கிழிந்த காலுறையில் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டாள். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அம்மாவிடம் தட்டை வீசிச் சண்டை போட்டுவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி எடுத்துவிட்டாள். அப்புறம் இன்னும் நாலைந்து முறை விட்டுப் பார்த்தாள். மூன்று நாளைத் தாண்டவே முடியவில்லை.

பியாக்கியிடமிருந்து தினமும் காலையில் ஓர் எண் வரும். இன்றோடு இத்தனை நாள் என்று. பாரி அதே எண்ணைத் திருப்பி அனுப்புவாள். பல நாள் ஒரு கையில் வேப், மறு கையில் போன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தக் காலைச் செய்தியும் நின்றுபோகுமே என்று பயந்தாள். மிச்சம் இருந்த பியாக்கி அவ்வளவுதான்.

டிசம்பர் இருபத்துமூன்று மதியம் பியாக்கி படிக்கட்டில் ஏறி வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கன்னம் உப்பியிருந்தது. ஹாலில் விருந்துக்குப் பன்றிக்கறி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அடியே, குண்டாயிட்டே!”

“வாய்க்கு வேற வேலை இல்லியே, திங்கிறேன்” என்று சிரித்தபடி பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே ஒட்டி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் ஹாஸ்டல் கதை ஓடியது. பிறகு பியாக்கியின் விரல்கள் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தன.

“பாரி, இங்க உக்காந்ததுமே கை தானா தேடுதுடி. யார்கிட்டயாவது ஒண்ணு வாங்கேன். ஒரே ஒரு இழுப்பு. நீயும் நானும், முன்ன மாதிரி.”

ஆறு மாதமாகப் பாரி கனவு கண்டது இதைத்தான். இதே படி, இதே தோள், கைமாறி வருகிற அந்தச் சூடு. யாரிடமும் போய் வாங்க வேண்டாம், அவள் ஜாக்கெட்டின் உள்பையிலேயே இருந்தது. ஸியால் கேட்டு வந்தவருக்குக் கையில் வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்வதைவிடக் கேவலம் அந்த ஊரில் வேறில்லை. பகையாளிக்கே சுருட்டிக் கொடுப்பார்கள். எடுத்து நீட்டினால் போதும், பியாக்கி பழைய பியாக்கியாகிவிடுவாள். நாளைக்கும் வருவாள், நாளை மறுநாளும் வருவாள். மூன்று நாளைத் தாண்ட முடியாத இன்னொருத்தி துணைக்குக் கிடைப்பாள்.

பாரியின் கை உள்பைவரை போனது.

“யார்கிட்டயும் இல்லடி. எல்லாப் பயலும் விட்டுட்டான்.”

“நீ?”

“நானா? நூத்து முப்பத்தொண்ணு. காலைலதானே அனுப்பினேன்.”

பியாக்கி அவளையே பார்த்தாள். சட்டென்று கண் கலங்கிவிட்டது.

“செருப்பாலயே அடி என்னை. எவ்வளவோ ராத்திரி ரூம்மேட்கிட்ட ஒண்ணு கேட்டுடலாமான்னு வாய் வரைக்கும் வந்திருக்குடி. அங்க பாரி ஒருத்தி தாங்குறாளே, அவகிட்ட நாளைக்கு என்ன நம்பர் அனுப்புவோம்னுதான் படுத்துக்கிட்டேன். உன்னாலதான்டி விட்டேன். நெஜமா உன்னாலதான்.”

அவள் இழுத்துக் கட்டிக்கொண்டாள். உள்பை தட்டுப்படாமலிருக்கப் பாரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டாள். ஆறு மாதம் காத்திருந்த அணைப்பு, முழுசாக வாங்கிக்கொள்ளக்கூட முடியவில்லை.

ஹாலிலிருந்து யாரோ பூண்டு உரிக்க ஆள் கேட்டுக் கத்தினார்கள். “வாடி” என்றாள் பியாக்கி. “நீ போ, பின்னாடியே வர்றேன்” என்றாள் பாரி.

பியாக்கி ஹால் கதவைத் தாண்டுவதற்குள் வேப் பாரியின் வாயில் இருந்தது. இழுத்தாள். கால் ஆடுவது நின்றது, வழிந்த கண்ணீர் நிற்கவில்லை. பியாக்கி சொன்ன அந்தப் பாரி, நூற்று முப்பத்தொரு நாள் தாங்கியவள், பியாக்கியையும் தாங்கிப் பிடித்தவள், அவள் மேல் இவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரே ஒரு நாளாவது அவளாக இருந்து பியாக்கியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.