கண்ணாடியில் அப்பா முகம்

ரேஷன் அரிசி வராமல், வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் தீர்ந்துபோன சமயம் அது. தம்பி பசியில் சுருண்டு கிடந்ததைப் பார்க்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை பசித்தவர்களுக்கு ஊற்றும் தருமக்கஞ்சிக்காக, எங்கள் சாமியான அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலில் வைத்திருந்த அரிசியை அப்பா யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே பொங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாங்கலுக்குப் புறப்பட்டோம். தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான். அதில் நம் முகத்தைப் பார்த்துத்தான் அய்யாவைக் கும்பிட வேண்டும். கேட்காமல் அரிசி எடுத்த அப்பா அதன் முன் நின்றால் முகமே தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். பயப்பட மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போவார்கள். அப்பா துண்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று, "அரிசியை எடுத்தது நான்தான்" என்றார்.

பணிவிடை செய்கிற பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும்லே. பசிச்சவனுக்கு வச்சது, பசிச்ச வீட்டுக்குத்தானே போச்சு? அடுத்த தடவை கேட்டு எடு மக்கா, சுமக்க நானும் வாறேன். இப்போ தலைப்பாவைக் கெட்டு."

அப்பா அவசரமாகக் கட்டியதில் தலைப்பாகை கோணிப்போயிற்று. நெற்றியில் நாமத்தோடு அப்பா கண்ணாடி முன்னால் போய் நின்றார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கோணல் தலைப்பாகையோடும் கண்ணீரோடும் அப்பா முகம் அதில் இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.