ரேடியோ நின்ற நான்கு வினாடி

என் மாமனாருக்குப் படையில் இருந்தவர்கள் வைத்த பெயர் ரேடியோ. ரேடியோவையாவது அணைக்க முடியும். நான் காரைப் பின்னால் எடுத்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து நின்றுகொள்வார். “பின்னாடி பத்து... எட்டு... நேரா வாங்க மாப்ள... அஞ்சு, அப்படியே, அப்படியே... மூணு, கொஞ்சம் இடது... ரெண்டு... ஒண்ணு... நில்லுங்க.” காரில் பின்பக்கக் கேமரா இருக்கிறது. அதற்குக் கொடுத்த பணம் தண்டம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தாறு வருடம் ராணுவத்தின் மீட்பு ஹெலிகாப்டரில் வின்ச் இயக்கியவர். வின்ச் என்றால் கம்பிக் கயிறு சுற்றிய பொறி. கதவோரம் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, அந்தக் கயிற்றின் முனையில் ஒரு ஆளைக் கடலிலோ கப்பலிலோ இறக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானிக்குத் தன் காலுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. காதில் விழும் குரலை நம்பித்தான் ஹெலிகாப்டரை அடி அடியாக நகர்த்துவார். அதனால் அந்தக் குரல் ஓயக்கூடாது. சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும் ‘அப்படியே, அப்படியே’ என்றாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று வினாடி சத்தம் இல்லையென்றால் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். விமானி ஏன், எதற்கு என்று யோசிக்காமல் நேராக மேலே எழும்பிவிட வேண்டும். அது அவர்கள் படையின் விதி.

அந்த வேலையை விட்டு வந்து பல வருடமாகியும் அவர் வாய் ஓயவில்லை. பால் பொங்குவதை அத்தைக்குப் படிப்படியாக அறிவிப்பார். “பொங்கினா எனக்கே தெரியும். எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு” என்பார் அத்தை. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த அடுப்புக்குப் போவார்.

அப்படிப்பட்டவர் ஒரு கடிதம் வந்ததும் சட்டென்று அடங்கிப்போனார். அவர்கள் பறந்த பழைய ஹெலிகாப்டரை ஒரு காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்களாம். கடைசிக் குழுவில் இருந்த மூன்று பேரும் வந்து, சரக்குக் கப்பல் சம்பவத்தைச் சொல்ல வேண்டுமாம். அதைப் பதிவு செய்து வைப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் பொத்தானை அழுத்தினால் கேட்கும். மூன்று நாள் வீட்டில் பால் அதுபாட்டுக்குப் பொங்கி வழிந்தது. அத்தை பயந்துபோய், “இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க மாப்ள” என்றார்.

சரக்குக் கப்பல் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் பதினோரு பேர். கயிற்றில் இறங்கியவரின் பட்டப்பெயர் தூண்டில். பத்துப் பேரை மேலே அனுப்பிவிட்டுப் பதினோராவது ஆளுக்காக இறங்கும்போது ஹெலிகாப்டர் திடீரென்று எழும்பியது. தூண்டில் கப்பலின் கம்பித் தடுப்பில் அடிபட்டார். முழங்கால் நொறுங்கியது. பதினோராவது ஆளை ஒரு படகு வந்து ஏற்றிக்கொண்டது. விசாரணையில் தூண்டில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: “அலையைப் பாத்து அந்த ஆளு பயந்துட்டாரு.” அந்த ஆள் என்றது கேப்டனை, அதாவது விமானியை. கேப்டன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை மேசை வேலைக்கு மாற்றினார்கள். அவர் திரும்பப் பறக்கவேயில்லை. தூண்டில் அன்றிலிருந்து அவரை ‘சார்’ என்று கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக ‘அந்த ஆளு’தான்.

போகிற வழியில், சிக்னலில் கார் நின்றபோது மாமனார் சொன்னார்.

“மாப்ள, அன்னிக்கு கேப்டன் பயப்படல.”

“சரி மாமா.”

“நான் பேசல.”

ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மடியில் இருந்த கடிதத்தை மடித்து மடித்துத் தபால் தலை அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

“கப்பலுக்குப் பின்னாடி ஒரு அலை எழும்புச்சு. மூணு மாடி உசரம். அதுக்குப் பின்னாடி சூரியன். தண்ணிக்குள்ள வெளிச்சம் தெரியுது, பச்சைப் பசேல்னு. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

“பயந்துட்டீங்களா?”

“பயந்திருந்தா கத்தியிருப்பேனே. அழகா இருந்துச்சு மாப்ள. நாலு செகண்ட் பேச்சே வரல.”

“கேப்டன் ஏன் இதைச் சொல்லல?”

“நான் கேக்கல. அவரும் பேச்செடுக்கல. எங்கயாவது பாத்தா, சௌக்கியமா, சௌக்கியம்னு போயிடுவோம்.”

பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பால் பொங்குவதற்கெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய மனிதர், சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கும் விழுங்கினால், பொத்தானை அழுத்துகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் கேப்டன் பயந்தாங்கொள்ளிதான். சாகும்வரை, செத்த பிறகும்.

“சொல்லுவீங்களா மாட்டீங்களா?” என்றேன். மரியாதையாகக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அவர் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காட்சிக்கூடம் முன்பு பஸ் பழுது பார்த்த கொட்டகை. தரையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. நடுவில் ஹெலிகாப்டர், புது பெயிண்ட் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்து நின்றது. மாமனார் கதவுப் பக்கம் கையை நீட்டினார். காவலாளி, “பெரியவரே, படிக்கத் தெரியாதா?” என்றான். இருபத்தாறு வருடம் அந்தக் கதவில் குப்புறப் படுத்துக் கிடந்தவர் கையை எடுத்துக்கொண்டார்.

மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். கேப்டன் முதலிலேயே வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் மாத்திரை அட்டை. தூண்டில் ஊன்றுகோலுடன் வந்து, அந்தப் பக்கம் பார்க்காமலேயே மறு ஓரத்தில் உட்கார்ந்தார். மாமனாருக்குக் கிடைத்தது நடு நாற்காலி. பதிவு செய்ய வந்த பெண் மைக்கைத் தூண்டில் முன் வைத்தாள்.

“பத்து பேரைத் தூக்கியாச்சும்மா. பதினோராவது ஆளுக்காக எறங்குறேன். கப்பல் தளத்துக்கு அஞ்சடிதான் பாக்கி. அப்பதான் அந்த அலை வந்துச்சு. முன்னாடி உக்காந்திருந்த அந்த ஆளு...”

“நிறுத்துடா,” என்றார் மாமனார். “அவரு பயப்படல. நான்தான் பேச்சை நிறுத்திட்டேன். அலையை வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தேன்.”

“சார், ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக்கூடாது. பதிவு கெட்டுடும்,” என்றாள் அந்தப் பெண்.

யாரும் அவளைக் கவனிக்கவில்லை. தூண்டில் மெதுவாகக் கேட்டார்: “எவ்வளவு நேரம்?”

“நாலு செகண்ட்.”

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சண்டை தொடங்கியிருக்கும். இவர் அந்தத் தொழில்காரர். நாலு என்றதும் அவர் முகம் மாறியது. மாமனாரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

“மூணுல எழும்பணும். நாலு வரைக்கும் ஏன் நின்னீங்க சார்?”

கேப்டன் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்தார்.

“இவன் பேசிடுவான்னு நெனச்சேன். அதுவரைக்கும் இவன் பேசாம இருந்ததே இல்லையே. மூணுலயே எழும்பியிருந்தா கப்பல் உன்னைத் தொட்டிருக்காது. அந்த ஒரு செகண்ட்லதான் அலை கப்பலைத் தூக்கிடுச்சு. நான் சீக்கிரம் எழும்பிட்டேன்னு நீ சொன்னே. நான் லேட்டாத்தான் எழும்பினேன். அதை எந்த வாயால சொல்றது?”

மூன்று கிழவர்களும் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தூண்டில் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். மாமனார் முன் நின்றார்.

“மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். வாரா வாரம் பழம் வாங்கிட்டு வந்தே.”

“ஆமாம்.”

“வந்து பேசிக்கிட்டே இருந்தே.”

“ஆமாம்.”

தூண்டில் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கேப்டனிடம் போய், “எந்தப் பக்கம் சார் வீடு? என்னைப் பஸ் ஸ்டாப்புல விட்டுடுங்க,” என்றார். கேப்டன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஊன்றுகோல் சத்தத்தோடு வாசலைத் தாண்டிப் போனார்கள். மாமனாரை யாரும் கூப்பிடவில்லை.

அவர் வாசல் வரை போய் நின்றார். கேப்டன் காரின் முன்கதவைத் திறந்து, தூண்டிலின் மடங்காத காலைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே வைத்தார். கார் கிளம்பியது. மாமனார் அழுதுகொண்டிருந்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பதிவுப் பெண் பின்னாலேயே வந்தாள். “சார், நீங்க குறுக்க பேசினது எல்லாமே பதிவாகியிருக்கு. எடுத்துடட்டுமா? இல்லேன்னா பொத்தானை அழுத்துற எல்லாருக்கும் கேக்கும்.”

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும்மா. பேசினது யாருன்னு என் பேரையும் போட்டுடுங்க.”