ஆக்சில் அண்ணன்

ஊரே அவரை ஆக்சில் அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. முன்சக்கரம் இரண்டையும் ஆக்சில் என்கிற ஒரே இரும்புத் தண்டு சேர்த்துப் பிடித்திருக்கிற ஜீப்தான் அவருக்கு வண்டி. சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும் புது மாடல் ஏதாவது அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால், "வாங்க வாங்க, தொட்டில் வந்துருச்சு" என்பார். வண்டிக்காரர் முகம் சுண்டிப்போகும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் மனுஷனுக்கு வயிறு நிறைந்தது.

அவர் சொன்னதில் தப்பில்லை. பாறை மேல் ஏற்றி இறக்கினாலும் அந்த ஒற்றைத் தண்டு லேசில் உடையாது. ஆனால் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாயும், உள்ளே இருப்பவர் இடுப்பும் சாயும்.

உள்ளே இருந்தது அவர் மனைவி. முதுகில் எலும்பு விலகி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ரொம்பக் குலுங்கினால் கால் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக கல்பாதையை விட்டால் வேறு வழி கிடையாது. புருஷன் ஜீப்பில் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை அவள் தம்பி தன் புது மாடல் வண்டியில் கூட்டிப் போனான்.

திரும்பி வந்தவள் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "வழியெல்லாம் தூங்கிட்டேங்க."

பெண்டாட்டி வலியில்லாமல் வந்தாளே என்று எவனும் சந்தோஷப்படுவான். இவருக்கோ மானமே போய்விட்டது.

மச்சினன் வெளியூர் போகும்போது, ஆயில் மாற்றி வைக்கச் சொல்லி வண்டியை விட்டுப் போனான். அண்ணன் கேட்காமல் கொள்ளாமல் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தாங்கிய அடிப்பாகத்தையே வெட்டி எடுத்துவிட்டு ஒற்றை ஆக்சிலைப் பூட்டினார். விறைப்பான ஸ்பிரிங்கும் போட்டார். பாவி, வேலையை மட்டும் சுத்தமாகச் செய்திருந்தார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது அந்த வண்டியில்தான். தம்பி வண்டியாயிற்றே என்று நம்பி, தலையணையோடு ஏறிப் பின்சீட்டில் படுத்தாள். முதல் கல்லிலேயே அலறினாள்.

"என்னங்க இப்படித் தூக்கிப் போடுது? நிறுத்துங்க!"

"பழகிடும். இப்பதான் இது வண்டி."

பாதி வழிவரை கெஞ்சினாள். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் தோற்றுப்போனதாகிவிடுமே. பிறகு பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"என்ன, இன்னும் வலிக்குதா?"

"இல்லைங்க. இப்ப வலியே தெரியல."

அவருக்கு முகமெல்லாம் பல். வண்டியை ஓரங்கட்டி மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, உங்க அக்காவே ஒத்துக்கிட்டா. உன் வண்டிக்கு ஒத்த ஆக்சில் போட்டுட்டேன், வலியே இல்லையாம்! இனிமே என்கிட்ட வாயைத் திறப்பியா?"

மறுபக்கம் என்ன சொன்னான் என்று கேட்கக்கூட நிற்காமல் போனை வைத்துவிட்டு, மிச்சப் பாதையைச் சீட்டியடித்தபடி ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்து, "ம், இறங்கு" என்றார்.

அவள் வண்டிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கால்ல செருப்பு இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். "எனக்குத் தெரியல."