ஒரு விரல் உயரம்

பிரேம்காரர் தன் பழைய சின்னக் காருக்குப் பெரிய சக்கரம் மாட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் கடைத்தெருவே சிரித்தது. "அறுபது தாண்டின பிறகு ஆசையைப் பாரு" என்றார் எதிர்க்கடை சலூன்காரர். பிரேம்காரர் படத்துக்குச் சட்டம் அடிக்கிற மனிதர். வாயில் எப்போதும் நாலு ஆணி இருக்கும். பேச்சு வெளியே வர வழி ஏது?

அவர் ஆசை வேறு. மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மனைவி லேசுப்பட்ட ஆள் இல்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு கப்சிப். இப்போது நடை திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் கார் தரையோடு ஒட்டிய கார். சீட்டில் தொப்பென்று உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்கத்தான் முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கையை வாட்ச்மேனும் மறு கையைப் பிரேம்காரரும் பிடித்துத் தூக்கியபோது, பழைய மாணவன் ஒருவன் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போலத் தலையைத் திருப்பிக்கொண்டான். அன்றோடு சரி. "இனிமே நான் எங்கேயும் வரலை. நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டார் டீச்சர்.

ஞாயிறு சாயங்காலம் இருவரும் காரில் போய், ஏரிக்கரையில் நடந்து, ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வருவது வழக்கம். ஒரு ஞாயிறு பிரேம்காரர் தனியாகப் போனார். பாதிக் கரை கூட நடக்க முடியவில்லை. பேச ஆளில்லாத நடை என்ன நடை? திரும்பும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. சக்கரம் பெரிதானால் கார் உயரும், கார் உயர்ந்தால் சீட்டும் உயரும், அவள் யார் கையும் பிடிக்காமல் எழுந்துவிடுவாள்.

"எதுக்கு சார் பெரிசு? லுக்குக்கா?" என்று கேட்டார் டயர்க் கடைக்காரர்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மனிதருக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பெண்டாட்டியின் இயலாமையைச் சொல்வதா? அது அவளைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது.

"ஆமாமா, லுக்குக்குத்தான்."

"அப்போ பதிமூணு இஞ்சைக் கழட்டிட்டுப் பதினஞ்சு போட்டுடலாம். வண்டி ராஜா மாதிரி நிக்கும் பாருங்க."

நின்றது. பளபளவென்று, வீட்டு வாசலில். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னங்க, மறுபடி மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?"

"கிண்டலை அப்புறம் வெச்சுக்கோ. ஒரு தடவை ஏறி உக்காரு."

அவர் மனம் நோகக் கூடாதே என்று டீச்சர் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முடியவில்லை.

பிரேம்காரர் சக்கரத்தின் அருகே குந்தி உற்றுப் பார்த்தார். இரும்பு பெரிசு, சுற்றியிருந்த ரப்பர் மெலிசு. வெளி அளவு பழைய சக்கரத்தின் அதே அளவு. கார் ஒரு நூல் கூட உயரவில்லை. படம் பெரிதாகத் தெரிய வேண்டும், ஆனால் சுவரில் இவ்வளவுதான் இடம் என்று வருகிறவர்களுக்கு, ஓரத்து அட்டையைக் குறைத்துப் படத்தைப் பெரிதாக்கித் தருவது அவர் தொழில். முப்பது வருஷம் ஊருக்குச் செய்த வித்தை இது. அதையே தன் வண்டிக்குச் செய்து வாங்கி வந்திருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை தரையில் உட்கார்ந்து அழுததை டீச்சர் அன்றுதான் பார்த்தார்.

"அய்யோ, எதுக்குங்க அழறீங்க?"

"நீ தானா எந்திரிக்கணும்னு நெனச்சேன். யாரும் உன்னைத் தூக்கக் கூடாதுன்னு."

"இதைக் கடையில சொன்னீங்களா?"

"உன்னைப் பத்தி வெளியில எப்படிச் சொல்றது?"

"ம்... கதவைச் சாத்திட்டு வண்டியை எடுங்க."

"எங்கே?"

"கடைக்குத்தான்."

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பிரேம்காரர் காரை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லாரும்தான் பார்த்தார்கள். டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தூக்குங்க" என்றார், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில்.

தூக்கினார். டீச்சர் புடவையைச் சரிசெய்துகொண்டு நேரே கடைக்காரரிடம் போனார். "தம்பி, எனக்கு இடுப்புல ஆபரேஷன். வண்டி பள்ளமா இருக்கு, எந்திரிக்க முடியலை. அதுக்குத்தான் இவர் பெரிய சக்கரம் கேட்டார். சொல்லத் தெரியலை."

கடைக்காரருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்! பதினாலு போட்டு, தடிமனான டயரா மாட்டித் தரேன்மா. ஆனா ஒரு விரல் உயரந்தான் கிடைக்கும். அதுக்கு மேல போனா மட்கார்டுல உரசும்."

"அதையே மாட்டுங்க. ஞாயித்துக்கிழமை நாங்க வெளியே போகணும்."

பிரேம்காரரின் முகம் தொங்கிப்போனது. "ஒரு விரல் எப்படிம்மா பத்தும்?"

"பத்தாதுதான்" என்றார் கணக்கு டீச்சர். "மிச்சத்துக்கு நீங்க இருக்கீங்களே."