ஒரே கிளையில் இரண்டு பேர்

எங்கள் எச்.ஐ.வி. ஆய்வகத்துக்கு நோயாளிகள் வருவதில்லை. குழாயில் அவர்களின் ரத்தம்தான் வரும். அந்த வெள்ளிக்கிழமை இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரப் பெண் ஜன்னலுக்கே வந்து தன் நம்பரைச் சொன்னாள். மருந்து தின்றும் அவளுக்கு வைரஸ் குறையவில்லை.

“சாரே, ஒருநாளும் நான் மாத்திரை முடக்கினது கெடையாது. டாக்டரம்மா நம்ப மாட்டேங்கா. ரிப்போர்ட்டு வந்தா தெரியும்னு சொல்லுதா.”

ரிப்போர்ட் என் மேசையில்தான் இருந்தது, கையெழுத்தில்லாமல். ‘எல்லா மருந்துக்கும் அடங்கும் வைரஸ்.’ அது வெளியே போனால் அவள் பொய்க்காரி. பலிக்காத மருந்தும் தொடரும்.

கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வைரஸையும் மரத்தில் ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். நம் நாட்டில் பெரும்பாலும் இருப்பது சி வகை. ஆனால் அந்த சி-யும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்குள் வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வேறுபாடுகளை எண்ணிக் கணினி வரையும் கிளைப்படம்தான் மரம்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த செல்வராஜ் சிரித்தான். “மக்கா, நீ புட்டுல தேங்காப்பூவையும் எண்ணித்தான் தின்னுவியா? ஒப்பு போட்டு அனுப்பு.”

ஏற்றினேன். இரணியல்காரர் ஒருவரின் கிளையிலேயே அவள் வைரஸும் போய் உட்கார்ந்தது. மரபணு வரிசையில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை.

செல்வராஜ் கண்ணைச் சிமிட்டினான். “ரெண்டு பேருக்கும் எடவாடு உண்டும் போல.”

“வாயக் கழுவுலே. புருசன் பெண்டாட்டிக்கே இப்படி அச்சா ஒத்து வராது. ரெண்டு குழாயும் ஒரே ட்ரேல ஓடினது.”

அவன் சிரிப்பு நின்றது. “அப்ப நம்மகிட்டதான் கலந்து போச்சு.” ஃப்ரீசரிலிருந்து இரண்டு மாதிரிகளையும் அவனே எடுத்து வந்தான். முதலிலிருந்து ஓட்டினோம். இரணியல்காரர் நகரவில்லை. அவள் வைரஸ் மரத்தின் மறுபக்கம் தனிக்கிளையில் நின்றது; அவள் தின்ற மருந்துகளில் இரண்டுக்கு அது அடங்காது. தாமதத்துக்கு டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரணத்தைச் சொன்னதும் அன்றே மருந்தை மாற்றினார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: இரண்டு பேரின் வைரஸ் அச்சாக ஒத்திருந்தால், அவர்களைச் சந்தேகிக்கும் முன் உங்கள் ட்ரேயைச் சந்தேகியுங்கள்.

சில மாதம் கழித்து அவள் மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது.

“நான் பொய் சொல்லல்லன்னு அந்த ரிப்போர்ட்டுல எழுதியிருக்கா சாரே?”

அப்படி ஒரு வரி எந்த ரிப்போர்ட்டிலும் கிடையாது. “எழுதியிருக்கும்மா,” என்றேன். “கீழ ஒப்பு போட்டது நான்தான்.”