பலெர்மோ வெயிலில் பனிச்சங்கிலி

பலெர்மோ நகரின் கால்சா பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய தெருவோரம் என் கேம்பர் வேன் நிற்கிறது. இன்று மாலைக் கப்பலில் ஏற்றி, அக்கரையில் இறங்கி அப்படியே நார்வேயின் வடக்கு வரை ஓட்டுவதாகத் திட்டம். அங்கே பாதையெல்லாம் பனி. வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றும் சங்கிலி வாங்கியாயிற்று, பூட்டிப் பார்த்ததில்லை.

சிவம் அண்ணன் பார்க்க வந்திருக்கிறார். இங்கே ஒரு சிஞ்ஞோரா வீட்டில், இத்தாலிய முதலாளியம்மாவிடம், வேலை. முன்பு நார்வேயில் மீன் லாரி ஓட்டியவர்.

பின்சக்கரத்தில் பூட்டிவிட்டுப் பெருமையாக நிமிர்கிறேன்.

"பிள்ளை, இது முன் சில்லு இழுக்கிற வான். பின்னுக்குப் பூட்டினால் ஏத்தத்திலை முன் சில்லு நிண்ட இடத்திலையே சுத்தும். கழட்டும்."

கழற்றி முன்சக்கரத்தில் பூட்டுகிறேன். மூன்றே நிமிடம்.

"இப்ப சரியா, அண்ணா?"

"ஓம். ஆனால் இது பலெர்மோக் கை." பையிலிருந்து தடித்த கம்பளிக் கையுறையை எடுத்து நீட்டுகிறார். "அங்கை வெறுங்கையாலை இரும்பைத் தொட்டால் தோல் உரியும். கழட்டிப்போட்டு இதோடை பூட்டும், பாப்பம்."

வியர்வை கண்ணில் இறங்குகிறது. கால் மணி நேரமாகியும் சங்கிலியின் கொக்கி மாட்டவில்லை. துறைமுகத்தில் வண்டிகள் கப்பலுக்குள் ஏறத் தொடங்கிவிட்டன.

"என்ன, போறீரோ?"

"நாளைக் கப்பல், அண்ணா" என்கிறேன். கையுறையைக் கழற்றாமலே மறுபடி கொக்கியைத் தேடுகிறேன்.